காயலான் கடைக்குத் தப்பிய ஃபெராரிகள்

1972இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், விக்டோரியா என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளி ஒன்று பழைய பந்தயக் கார் ஒன்றை 6,500 டாலருக்கு விற்றது. வாகனப் பழுதுபார்ப்பு வகுப்பில் மாணவர்கள் ஸ்பானர் பிடித்துப் பழகட்டும் என்று ஒருவர் நன்கொடையாகக் கொடுத்திருந்த கார் அது. வாங்கியவர் அதை ஒஹையோ மாநிலத்துக்கு இழுத்துச் சென்று, திறந்த டிரெய்லர் ஒன்றின் மேல் வைத்தபடியே வயலில் நிறுத்திவிட்டார். 1980களின் பிற்பகுதி வரை அது வெயிலிலும் பனியிலும் அங்கேயே கிடந்தது. அந்தக் கார் ஃபெராரி 250 ஜிடிஓ. அதன் உடன்பிறப்பு ஒன்று 2023 நவம்பரில் நியூயார்க்கில் 5 கோடியே 17 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அன்றைய நாணய மதிப்பில் ஏறத்தாழ 430 கோடி ரூபாய்.

நியூயார்க்கில் மாலை என்றால் நமக்கு விடியற்காலை. நேரலையில் அந்த ஏலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுத்தியல் விழுந்த விலை 4 கோடியே 70 லட்சம் டாலர். மீதி, வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குக் கொடுக்கும் கமிஷன். ஏலத்தில் விற்ற ஃபெராரிகளில் அதற்கு முன் எதுவும் இந்த விலையைத் தொட்டதில்லை. ஆனாலும் 6 கோடிக்கு மேல் போகும் என்று ஏல நிறுவனம் எதிர்பார்த்திருந்தது. சாதனையும் ஏமாற்றமும் ஒரே நிமிடத்தில் நடந்தன. விற்றவர் 1985இல் அந்தக் காரை ஐந்து லட்சம் டாலருக்கு வாங்கி, 38 ஆண்டுகள் வைத்திருந்தவர்.

இந்த விலைகளைப் பற்றிப் பேச்செடுத்தால் நண்பர்கள் பலரும் கேட்பது, பணக்காரர்களின் கிறுக்குத்தனம் உனக்கெதற்கு என்பதுதான். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு பொருளைக் காயலான் கடையில் போடுவதா, கண்ணாடிக்குப் பின்னால் வைப்பதா, வெட்டி வேறொன்றாக ஆக்குவதா, சாலையில் ஓட்டுவதா என்று முடிவு செய்வது விலை. இத்தாலியப் பந்தயக் கார்களுக்கு அறுபது ஆண்டுகளில் இந்த நான்கும் நடந்துவிட்டன.

முதலில் அந்தக் காரைப் பார்த்துவிடுவோம். 1961இல் ஃபெராரி ஆலை இருக்கும் இத்தாலியின் மரனெல்லோவில் ஜோத்தோ பிட்ஸாரீனி என்ற பொறியாளர் இதன் வேலையைத் தொடங்கினார். அந்த ஆண்டின் இறுதியில் நிறுவனர் என்சோ ஃபெராரியோடு மோதல் ஏற்பட்டு, பிட்ஸாரீனியும் நிர்வாகத்தின் முக்கியமானவர்கள் பலரும் ஒட்டுமொத்தமாக வெளியேறினார்கள். மிச்ச வேலை 26 வயது மௌரோ ஃபோர்கியேரியின் தலையில் விழுந்தது. மூன்று லிட்டர், 12 சிலிண்டர், ஆறு வெபர் கார்புரேட்டர்கள், சுமார் 300 குதிரைத்திறன். சாலைக் கார்களை அடிப்படையாகக் கொண்ட ஜிடி பிரிவில் ஓட ஒரு மாடலில் நூறு கார்களாவது செய்திருக்க வேண்டும் என்பது விதி. இது ஏற்கெனவே விற்பனையில் இருக்கும் 250 ஜிடியின் திருத்திய வடிவம்தான் என்று சொல்லி ஃபெராரி அனுமதி வாங்கியது. 1962 முதல் 1964 வரை செய்யப்பட்டவை மொத்தம் 36. அந்த மூன்று ஆண்டுகளும் ஜிடி உலகப் பட்டம் ஃபெராரிக்கே கிடைத்தது.

மரனெல்லோ அருங்காட்சியகத்தில் ஒரு ஜிடிஓவின் பக்கத்தில் நெடுநேரம் நின்றிருக்கிறேன். மூக்கின் மேல் அரைவட்டமாக மூன்று துளைகள். காற்று கூடுதலாக வேண்டும் என்றால் அவற்றின் மூடிகளைக் கழற்றிவிடலாம். குனிந்து உள்ளே பார்த்தால் வேகமானியே கிடையாது. எஞ்சினின் சுழற்சியைக் காட்டும் மானிதான் ஓட்டுபவரின் கண்ணுக்கு நேரே இருக்கிறது. பந்தயத்தில் எத்தனை கிலோமீட்டர் வேகம் என்று எவரும் பார்ப்பதில்லை, எஞ்சின் எவ்வளவு தாங்கும் என்றுதான் பார்க்கிறார்கள். இருக்கையில் தோலுக்குப் பதில் நீலத் துணி. ஒப்பனைக்கென்று எதுவும் இல்லை. உலோகம் உலோகமாகவே இருக்கிறது.

அந்த உலோகத்தை வளைத்தவர் செர்ஜோ ஸ்காலியெத்தி. மொடேனாக்காரர். தந்தை இறந்ததால் 13 வயதில் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனவர். அவருடைய இடத்தை வடிவமைப்புக் கூடம் என்று இன்று எழுதுகிறார்கள். உண்மையில் அது டிங்கரிங் பட்டறை. மணல் மூட்டையின் மேல் அலுமினியத் தகட்டை வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி வளைவு கொண்டுவந்து, துண்டு துண்டாக வெல்டிங் வைத்து இணைத்தார்கள். வரைபடத்தைவிடக் கண்ணளவுக்குத்தான் மதிப்பு. அதனால் ஒரு ஜிடிஓ இன்னொரு ஜிடிஓவைப் போல் இருக்காது, ஒரே காரின் இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட அச்சாகப் பொருந்தாது. கோவை, சென்னைப் பட்டறைகளில் தகடு தட்டும் கைகளைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

ஆனால் 1960களில் இந்த அருமை யாருக்கும் பொருட்டாக இல்லை. பந்தயக் கார் என்பது கருவி. அடுத்த ஆண்டு அதைவிட வேகமான கருவி வந்துவிட்டால் பழையதற்கு வேலை இல்லை. 1961இல் உலகப் பட்டம் வென்ற ஃபெராரி 156 என்ற சுறாமூக்குக் கார்களில் ஒன்றைக்கூட ஃபெராரி மிச்சம் வைக்கவில்லை, அத்தனையையும் உடைத்துப் போட்டது. என்சோ ஃபெராரிக்கு நேற்றைய கார் மேல் பாசம் கிடையாது. சாலைக் கார்களை விற்றதே பந்தயத்துக்குப் பணம் வேண்டும் என்பதால்தான். ஜிடிஓக்கள் தப்பித்ததற்குக் காரணம், அவை பெரும்பாலும் தனி ஆட்களுக்கு விற்கப்பட்டவை என்பதே. தொழிற்சாலையின் கையில் இருந்திருந்தால் எத்தனை மிஞ்சியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே எனக்கு மனம் கூசுகிறது. புதிதில் சுமார் 18,000 டாலருக்கு விற்ற கார், 1960களின் இறுதியில் சில ஆயிரம் டாலருக்குக் கிடைத்தது. அடிமாட்டு விலை.

அந்தக் காலத்தில் வாங்கியவர்களைத்தான் இந்தக் கதையின் நாயகர்கள் என்பேன். சேஸிஸ் எண் 3851 கொண்ட ஜிடிஓவை எடுத்துக்கொள்ளுங்கள். 1962இல் பிரான்ஸின் பந்தய ஓட்டுநர் ஜோ ஷ்லெசெர் வாங்கியது. அவரும் ஆன்ரி ஓரெய்யேவும் அந்த ஆண்டு டூர் தெ ஃபிரான்ஸ் கார் பந்தயத்தில் அதை இரண்டாவதாகக் கொண்டுவந்தார்கள். ஓரெய்யே சாதாரண ஆள் இல்லை, 1948 குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கில் இரண்டு தங்கம் வென்றவர். சில வாரங்கள் கழித்து, அக்டோபரில், பாரிஸுக்கு அருகே உள்ள மோன்லெரி ஓடுதளத்தில் இதே கார் விபத்துக்குள்ளாகி அவர் இறந்தார். காரைச் சரிசெய்து இத்தாலியில் விற்றார்கள். 1965இல் அது ஃபப்ரீட்சியோ வியொலாத்தி என்ற இளைஞரின் கைக்கு வந்தது. பந்தயம் கூடாது என்று தடுத்த வீட்டாருக்குத் தெரியாமல் இரவில் ஓட்டுவாராம். அப்படி வாங்கிய காரை 2010இல் இறக்கும் வரை அவர் கைவிடவில்லை. இடையில் விலை பல மடங்கு ஏறியது, பாதாளத்துக்குப் போனது, மறுபடி ஏறியது. அவரோ சான் மரீனோவில் தன் அருங்காட்சியகத்தில் வைத்திருந்தார், எடுத்துப் பழங்கார் பந்தயங்களிலும் ஓட்டினார்.

2014 ஆகஸ்டில் பான்ஹாம்ஸ் நிறுவனம் கலிஃபோர்னியாவில் அந்தக் காரைக் குறைந்தபட்ச விலை எதுவும் குறிக்காமல் ஏலம் விட்டது. சுத்தியல் 3 கோடியே 46 லட்சத்து 50 ஆயிரம் டாலரில் விழுந்தது. பத்து சதவீதக் கமிஷனோடு 3.81 கோடி. அதுவரை எந்தக் காரும் ஏலத்தில் அவ்வளவுக்குப் போனதில்லை. நான்கே ஆண்டுகளில், 2018இல், அதே வட்டாரத்தில் இன்னொரு ஜிடிஓ 4.84 கோடி டாலருக்குப் போனது.

அந்த 2018 கார் என்னை இன்றுவரை யோசிக்க வைக்கிறது. சேஸிஸ் எண் 3413. 1962இல் இத்தாலியின் தேசிய ஜிடி பட்டத்தை வென்ற கார். 1964இல் அதன் பழைய உடலைக் கழற்றிவிட்டு, புது வடிவத்தில் வேறு உடலை ஸ்காலியெத்தி பட்டறையிலேயே பொருத்தினார்கள். அதாவது ஏலத்தில் நின்றபோது, பட்டம் வென்ற அந்தத் தகடு அதன் மேல் இல்லை. ஆனாலும் அதை அசல் என்று உலகம் ஏற்றுக்கொண்டது. காரணம், மாற்றியது அந்தக் காலத்தில், அதே பட்டறையில், பந்தயத்தில் வெல்வதற்காக. அதே மாற்றத்தை 1990இல் ஒருவர் அழகுக்காகச் செய்திருந்தால் பல லட்சம் டாலர் கரைந்திருக்கும். இதுதான் இந்தச் சந்தையின் இலக்கணம் என்று எனக்குப் படுகிறது. தகடுக்கும் எஞ்சினுக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறார்கள். அவற்றைக் கோத்து நிற்கும் அறுபடாத வாழ்க்கை வரலாறு இல்லையென்றால் அந்த விலை நிற்காது. யார் வாங்கினார்கள், எந்தப் பந்தயத்தில் எத்தனையாவது இடம், எங்கே மோதியது, எங்கே சரிசெய்தார்கள், எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆலைப் பதிவேட்டோடு பொருந்துகின்றனவா என்று ஒவ்வொரு காருக்கும் ஒரு கோப்பு இருக்கிறது. மரனெல்லோவில் ஃபெராரியே ஒரு பிரிவு வைத்துப் பழைய கார்களை ஆராய்ந்து சான்றிதழ் கொடுக்கிறது.

இந்தத் துல்லியம் சில சமயம் எல்லை கடக்கிறது. 2017இல் 4.4 கோடி டாலருக்குக் கைமாறிய ஒரு ஜிடிஓவின் அசல் கியர்பாக்ஸ் எப்போதோ காரை விட்டுப் பிரிந்து அமெரிக்காவில் வேறொருவரிடம் இருந்தது. அந்தக் கியர்பாக்ஸுக்காக, காரை விற்றவரும் அவரிடம் அதை வாங்கிய வணிகரும் லண்டன் உயர் நீதிமன்றப் படியேறினார்கள். கார் அது இல்லாமலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

விலையேற்றத்தின் வரலாறு நேர்கோடாக மேலே போனது என்று நினைப்பவர்களுக்கு 1980களின் முடிவை நினைவூட்ட வேண்டும். 1988 ஆகஸ்டில் என்சோ ஃபெராரி இறந்தார். ஜப்பானில் பணம் பொங்கி வழிந்த காலம். ஃபெராரி என்று பெயர் இருந்தால் போதும், வாங்கி அடுத்த வாரம் விற்றார்கள். 1989 வாக்கில் ஒரு ஜிடிஓ ஒரு கோடி டாலரைத் தாண்டியது. ஜப்பானியக் குமிழி உடைந்ததும் சில ஆண்டுகளில் முப்பது லட்சம் டாலர் அளவுக்கு இறங்கிவிட்டது. கடன் வாங்கி வாங்கியவர்கள் ஆட்டம் கண்டார்கள். வியொலாத்தியைப் போன்றவர்களுக்கு எதுவும் ஆகவில்லை, அவர்கள் விற்பதற்காக வாங்கவில்லை.

2008க்குப் பிறகு வந்த ஏற்றத்துக்கு வேறு காரணங்கள். வங்கி வட்டி ஒன்றுமில்லாமல் போனது, பணத்துக்குப் போக்கிடம் தேவைப்பட்டது. பிரிட்டனில் காரைத் தேயும் சொத்தாகக் கணக்கிடுவதால் விற்றுக் கிடைக்கும் இலாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. மில்லே மில்யா, லெ மான் கிளாசிக் போன்ற பழங்கார் நிகழ்வுகளில் எந்தக் காருக்கு இடம் கிடைக்கும் என்பதும் விலையைத் தூக்குகிறது, பணம் இருந்தாலும் சரியான கார் இல்லாமல் உள்ளே போக முடியாது. ஜிடிஓ உரிமையாளர்களுக்கென்று மட்டுமே நடக்கும் ஆண்டு நிறைவுச் சுற்றுப்பயணம்கூட இருக்கிறது. 36 பேருக்குள் ஒருவராவதற்கான நுழைவுச்சீட்டு அந்தக் கார்.

ஃபெராரியை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் மற்ற இத்தாலியர்களுக்கு அநீதி. 2016இல் ஆல்ஃபா ரோமியோவின் போருக்கு முந்தைய 8சி 2900பி ஒன்று 1.98 கோடி டாலருக்குப் போனது. 2020இல் அதே நிறுவனத்தின் பேட் 5, 7, 9 என்ற மூன்று விசித்திரக் கார்களை நியூயார்க்கில் சிற்பங்களையும் ஓவியங்களையும் விற்பதுபோல் ஒன்றாக வைத்து 1.48 கோடி டாலருக்கு விற்றார்கள். டிராக்டர் முதலாளியான ஃபெருச்சோ லம்போர்கினியிடம் இளம் பொறியாளர்கள் கெஞ்சிக் கேட்டுச் செய்த மியூரா கார் இன்று இலட்சக்கணக்கான டாலர்.

எனக்கு மிகவும் வலிப்பது வேறு ஒரு ஃபெராரியின் கதை. 250 ஜிடிஇ. 1960 முதல் 1963 வரை ஏறக்குறைய 950 கார்கள் செய்யப்பட்டன. நான்கு பேர் உட்காரலாம். அமைதியான, கண்ணியமான கார். ஜிடிஓவில் இருக்கும் எஞ்சினின் நெருங்கிய உறவு அதற்குள்ளும் இருந்தது. ரோம் நகரக் காவல்துறை குற்றவாளிகளைத் துரத்தக் கறுப்பு நிறத்தில் ஒன்றை வைத்திருந்தது. அர்மாந்தோ ஸ்பதஃபோரா என்ற காவலர் அதை ஓட்டிய விதம் ரோமில் இன்றும் பேசப்படும் கதை. 250 ஜிடிஓவின் விலையும் திறந்த கூரை ஃபெராரியான கலிஃபோர்னியா ஸ்பைடரின் விலையும் வானத்தைத் தொட்டபோது, மலிவாகக் கிடைத்த ஜிடிஇகளை வாங்கி, உடலைப் பிய்த்தெறிந்து, சேஸிஸைக் குறுக்கி வெட்டி, மேலே போலி ஜிடிஓ உடல்களை ஏற்றினார்கள். ஒரு காரின் விலை இன்னொரு காரின் உயிரைக் குடித்தது. இப்படி வெட்டப்பட்டவை ஏராளம். இப்போது ஜிடிஇயின் விலையும் ஏறிவிட்டதால் வெட்டுவது கட்டுப்படியாகாது. பெரிய காரின் விலை சாகடித்ததை அதன் சொந்த விலை காப்பாற்றியது. நகல்களுக்கு எதிராக ஃபெராரி வழக்குப் போட்டதும், 2019இல் போலோன்யா நீதிமன்றம் ஜிடிஓவின் வடிவத்தைக் கலைப்படைப்பாக ஏற்றதும் இதன் தொடர்ச்சி. ஸ்காலியெத்தி 2011இல் 91 வயதில் இறந்துவிட்டார். மணல் மூட்டையின் மேல் சுத்தியல் பிடித்தவர்களின் வேலையைக் கலை என்று நீதிமன்றம் எழுதியதை அவர் பார்த்திருக்க வேண்டும்.

விலையேற்றம் செய்த நல்லதையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் பழைய காரைக் கண்டெடுத்தால் முதல் வேலை, சுரண்டிப் புதுப் பெயிண்ட் அடிப்பது. இப்போது துருவைக்கூடத் தொடத் தயங்குகிறார்கள். பிரான்ஸின் மேற்குப் பகுதியில் ரொஜே பாய்யோன் என்ற லாரி முதலாளி அருங்காட்சியகம் கட்டும் கனவோடு சேர்த்த கார்கள், தொழில் நொடித்தபின் கொட்டகைகளில் பல பத்தாண்டுகள் கிடந்தன. 2015 பிப்ரவரியில் பாரிஸில் அவற்றில் 59 ஏலத்துக்கு வந்தன. நடிகர் அலெய்ன் தெலோன் ஒருகாலத்தில் ஓட்டிய 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடரைக் கண்டுபிடித்தபோது அதன் மேல் பழைய பத்திரிகைகள் குவிந்து கிடந்தன. அந்தத் தூசியோடும் கீறல்களோடும் அதைக் கண்காட்சியில் நிறுத்தி 1 கோடியே 63 லட்சம் யூரோவுக்கு விற்றார்கள். துடைக்காமல் விற்றதில் ஒரு மரியாதை இருந்தது என்றே நினைக்கிறேன்.

ஆனால் இதே விலை இப்போது கார்களை ஓடவிடாமல் செய்கிறது. ஐந்து கோடி டாலர் பொருளை எடுத்துக்கொண்டு வளைவில் வழுக்கவிட எத்தனை பேருக்கு மனம் வரும்? காப்பீடு, போக்குவரத்து, வாரிசுகளின் முகம், எல்லாம் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தடுக்கின்றன. தட்பவெப்பம் கட்டுப்படுத்திய கிடங்கில் வைத்துவிட்டு, பத்திரத்தை மட்டும் கைமாற்றும் பழக்கம் கூடிவருகிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. பிங்க் ஃபிளாய்ட் ராக் இசைக்குழுவின் டிரம்மர் நிக் மேசன் 1977இல் ஏறத்தாழ 37,000 பவுண்டுக்கு ஒரு ஜிடிஓ வாங்கினார். இன்றுவரை அதைப் பந்தயத்தில் ஓட்டுகிறார், மற்றவர்களுக்கும் ஓட்டக் கொடுக்கிறார். இந்தக் கார்களுக்கு மதிப்பு உண்டாக்கியவர்கள் இவரும் வியொலாத்தியும் போன்றவர்கள். மேலே சொன்ன கோப்பில் புதிய பக்கங்கள் சேருவதும் இவர்களால்தான். கிடங்கில் இருக்கும் கார் எத்தனை முறை கைமாறினாலும் அதன் வரலாறு வளர்வதில்லை.

இன்னொரு மாற்றமும் கண்ணெதிரே நடக்கிறது. ஐம்பதுகளின் கார்களைச் சிறுவயதில் பார்த்து ஏங்கியவர்கள் வயதாகி விலகுகிறார்கள். இப்போது பணம் வைத்திருப்பவர்கள் எஃப்40 படத்தைப் படுக்கையறைச் சுவரில் ஒட்டியவர்கள். அவர்கள் எஃப்40, எஃப்50, என்சோ என்று பிற்காலத்து ஃபெராரி மாடல்களைத் தேடுகிறார்கள். உச்சியில் இருக்கும் ஜிடிஓவை இது அசைக்காது. இரண்டாம் வரிசையில் இருக்கும் ஐம்பதுகளின் கார்களுக்கு வாங்க ஆள் குறைந்தால், அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்த கைகளுக்கும் வேலை குறையும். விலை இறங்குவதைவிட அதுதான் பெரிய இழப்பு.

கடைசியாக ஒரு கார். ஜிடிஓவுக்குக் கிடைத்த சலுகை 250 எல்எம் என்ற காருக்குக் கிடைக்கவில்லை. நூறு கார்கள் செய்யவில்லை என்று ஜிடி பிரிவில் சேர்க்க மறுத்துவிட்டார்கள், கடைசிவரை செய்தவையே 32தான். அதனால் 1965 லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் அது பெரிய கார்களோடு ஓட வேண்டியிருந்தது. ஃபெராரியின் சொந்த அணியும் ஃபோர்டும் ஒவ்வொன்றாகக் கழன்றுவிட, மாஸ்டன் கிரெகரியும் யோகன் ரிண்டும் ஓட்டிய தனியார் அணிக் கார் வென்றது. அதன்பின் ஃபெராரி லெ மானில் ஒட்டுமொத்த வெற்றி பெற 2023 வரை காத்திருக்க நேர்ந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் அந்தக் கார் இண்டியானாபொலிஸ் பந்தய அருங்காட்சியகத்தில் நின்றது. 2025 பிப்ரவரியில் அருங்காட்சியகம் தன் நிதிக்காகப் பாரிஸில் அதை விற்றது. விலை 3 கோடியே 48 லட்சத்து 80 ஆயிரம் யூரோ. பொதுமக்கள் பார்த்துக்கொண்டிருந்த கார் தனியார் கைக்குப் போகிறதே என்று பலர் வருந்தினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. லெ மான் கிளாசிக்கில் அறுபதுகளின் முற்பாதிக் கார்களுக்கென்று தனி ஓட்டம் இருக்கிறது, அதே தடத்தில், இரவிலும். வாங்கியவர் அதில் காரை இறக்கினால் நான் டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்ப்பேன்.